டாங்கிக்கு மாலை போட்ட கைகள்

கேள்வி: வாசகர் ஒருவர், 2025 அக்டோபர் 18

மடகாஸ்கரில் தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் தெருவில் இறங்கிய இளைஞர்கள், மூன்றே வாரத்தில் ஒரு கர்னல் பதவியேற்பதைக் கைதட்டி வரவேற்கிறார்கள். மனித உரிமை, மக்களாட்சி என்று பேசுகிற அமைப்புகள் எப்படி ராணுவத்தின் பக்கம் போய் நிற்கின்றன? இவர்கள் ஏமாளிகளா, முதலிலிருந்தே போலிகளா?

2025 அக்டோபர் 19, இரவு

ஏமாளிகளும் இல்லை, போலிகளும் இல்லை. நானே அப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டவள். அந்தத் தாளை எழுதியதும் நான்தான்.

2011 டிசம்பர் 30 விடிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் தாத்தா காலத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவில் மின்கம்பங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. பதினெட்டு நாள் மின்சாரம் இல்லை. மோட்டார் ஓடாததால் தண்ணீரும் இல்லை. மடகாஸ்கர் செய்தியைப் படித்தபோது எனக்கு அந்தப் பதினெட்டு நாள்தான் நினைவுக்கு வந்தது. குடத்தோடு நிற்கும்போது மனிதர்களுக்கு அரசியல் சட்டத்தின் மீது பொறுமை இருப்பதில்லை.

நிவாரண டோக்கன் கட்சிக்காரர்கள் வீட்டில் வைத்துக் கொடுக்கப்பட்டது. எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. இரண்டு மாதத்துக்கு முன்புதான் கவுன்சிலர் தேர்வாகியிருந்தார். ஆனால் கூட்டத்துக்கு வந்தது, அதிகாரிகளிடம் பேசியது, பட்டியலைக் கையில் வைத்திருந்தது எல்லாம் அவருடைய கணவர். எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், இரண்டு வழக்கறிஞர்கள், ஒரு பல் மருத்துவர் இருந்தோம். மெழுகுவத்தி வெளிச்சத்தில் கூடிப் பேசினோம். 2004 சுனாமியின்போது ராணுவ வீரர்கள் வேலை செய்ததைப் பார்த்தவர்கள் எங்களில் பலர். "அவர்களிடம் கொடுத்தால் மூன்று நாளில் முடியும்" என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் தலையாட்டினோம்.

நிவாரணப் பட்டியல் தயாரிப்பதையும் பொருள் வழங்குவதையும் உள்ளாட்சிப் பிரதிநிதிகளிடமிருந்து எடுத்து ராணுவத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று மாவட்ட ஆட்சியருக்கு மனு எழுதினேன். நாற்பத்தொரு பேர் கையெழுத்திட்டார்கள். கெடிலம் ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்து ஒரு கையெழுத்துகூட இல்லை. நிவாரணம் முதலில் சேர வேண்டியது அவர்களுக்குத்தான். அவர்களிடம் கேட்க வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை.

இது ஆட்சிக் கவிழ்ப்பு இல்லை, ஒரு நகராட்சி வார்டு விவகாரம் என்று சொல்வீர்கள். அளவு வேறுதான். ஆனால் மனம் எந்த வழியாக அங்கே போய்ச் சேருகிறது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2025 அக்டோபர் 20

தீபாவளி வேலைக்கு நடுவே ஒன்றே ஒன்று. மடகாஸ்கரில் அக்டோபர் 11 அன்று போராட்டக்காரர்களின் பக்கம் வந்து நின்றது காப்சாட் என்ற படைப்பிரிவு. இப்போது துரத்தப்பட்ட அதிபர் ரஜோலினா 2009-இல் ஆட்சியைப் பிடித்தது யாருடைய துணையோடு? இதே காப்சாட். இன்று தெருவில் நிற்கும் பிள்ளைகளில் பலர் அப்போது கைக்குழந்தைகள். அவர்களுக்கு யாராவது இதைச் சொல்லியிருப்பார்களா என்று மனம் அடித்துக்கொள்கிறது.

2025 அக்டோபர் 22

தாய்லாந்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் அதிகம் படித்த நாடு அதுதான், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

2006 செப்டம்பர் 19 இரவு, பிரதமர் தக்சின் நியூயார்க்கில் இருந்தபோது பாங்காக்கில் டாங்கிகள் வந்தன. மறுநாள் மக்கள் அந்த வீரர்களுக்குப் பூவும் சாப்பாடும் கொடுத்தார்கள். குழந்தைகளை டாங்கி மேல் உட்கார வைத்துப் படம் எடுத்தார்கள். அதற்கு முன் மாதக்கணக்கில் தக்சினுக்கு எதிராகத் தெருவில் நின்ற மஞ்சள் சட்டை இயக்கத்தில் தொழிற்சங்கத்தார் இருந்தார்கள், தொண்டு நிறுவனத்தார் இருந்தார்கள், பேராசிரியர்கள் இருந்தார்கள். 1992-இல் இதே பாங்காக்கில் ராணுவத் தளபதியின் ஆட்சியை எதிர்த்துத் துப்பாக்கிச் சூட்டை நேரில் பார்த்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். பதினான்கு ஆண்டுகளில் ஒரு மனிதர் இவ்வளவு தூரம் வந்துவிடுகிறார். இதை எண்ணும்போது எனக்குக் கோபத்தைவிட அச்சம்தான் அதிகம்.

காரணத்தைத் தேடினால் கணக்கில் வந்து நிற்கிறது. 2001 முதல் 2011 வரை நடந்த பொதுத் தேர்தல்களில் தக்சின் தரப்புதான் திரும்பத் திரும்ப முதலிடம் பெற்றது. முப்பது பாட் கொடுத்தால் மருத்துவம் என்ற திட்டத்தை வடகிழக்குக் கிராமங்கள் மறக்கவே இல்லை. பாங்காக்கின் படித்தவர்களுக்குக் கூட்டம் நடத்தத் தெரியும், பத்திரிகையில் எழுதத் தெரியும், நீதிமன்றம் போகத் தெரியும். தேர்தலில் மட்டும் எண்ணிக்கை வரவில்லை. 2008-இல் மஞ்சள் சட்டையினர் "புதிய அரசியல்" என்று ஒரு யோசனை வைத்தார்கள்: நாடாளுமன்றத்தில் 70 சதவீதம் நியமனம், 30 சதவீதம் தேர்தல். கிராமத்தான் காசு வாங்கிக்கொண்டு ஓட்டுப் போடுகிறான், அவன் ஓட்டுக்கு என்ன மதிப்பு என்ற எண்ணம்தான் அந்தக் கணக்கில் இருக்கிறது.

அதைப் படித்த அன்று என்னுடைய மனுவின் ஒரு வரி நினைவுக்கு வந்தது. "வாக்கு வங்கி நோக்கில் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள்" என்று எழுதியிருந்தேன். கெடிலக்கரைக்காரர்கள் போட்ட ஓட்டை நான் வங்கி என்று அழைத்திருக்கிறேன். என் ஓட்டை யாரும் அப்படி அழைத்ததில்லை.

ஆக என் பதில் இதுதான்: குரல் இருந்து எண்ணிக்கை இல்லாதவர்கள் துப்பாக்கியிடம் கடன் கேட்கிறார்கள்.

2014-இல் மறுபடியும் இதே கதை. தக்சின் தரப்பை எதிர்த்தவர்கள் பிப்ரவரி 2 தேர்தலை நடக்கவிடாமல் வாக்குச்சாவடிகளை மறித்தார்கள். மே 22 அன்று தளபதி பிரயுத் ஆட்சியை எடுத்தார். அடுத்த உத்தரவுகளில் ஒன்று, ஐந்து பேரோ அதற்கு மேலோ அரசியலுக்காகக் கூடக் கூடாது என்பது. அழைத்தவர்கள் கூடினாலும் அதே சட்டம்தான். பிரயுத் 2023 வரை பிரதமராக இருந்தார்.

2025 அக்டோபர் 23

முத்தியால்பேட்டை நண்பர் என்னைக் கடிந்திருக்கிறார். "எண்ணிக்கை இல்லாத ஆத்திரம் என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். எகிப்தில் ஒரு கிறித்தவக் குடும்பத்துக்கு இருந்தது ஆத்திரமா, பயமா?" சரியான கேள்வி. நேற்று எழுதியதில் பயத்துக்கு இடமே இல்லை.

எகிப்தில் முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பின் முர்சி 2012 ஜூனில் ஏறக்குறைய 52 சதவீத வாக்கோடு வென்றார். அதே ஆண்டு நவம்பரில் தம் ஆணைகளை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது என்று அறிவித்தார். அதற்குப் பிறகுதான் தமரோது இயக்கம் எழுந்தது. முர்சி விலக வேண்டும் என்ற கையெழுத்து இயக்கம்தான் அது. 2 கோடியே 20 லட்சம் பேர் கையெழுத்திட்டதாகச் சொன்னார்கள். 2013 ஜூலை 3 அன்று தளபதி சிசி முர்சியை நீக்கித் தொலைக்காட்சியில் பேசியபோது அருகே அல் அசார் தலைமை இமாமும் எகிப்தியக் கிறித்தவர்களின் காப்டிக் திருச்சபைத் தலைவரும் இருந்தார்கள். அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற எல்பரதேயும் இருந்தார். எல்லோரும் பதவி ஆசைக்காக உட்கார்ந்தார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தம் மக்கள் அழிந்துவிடுவார்கள் என்று நம்பிய ஒரு மதத் தலைவரிடம் போய், அடுத்த தேர்தல் வரை பொறுங்கள் என்று நான் எப்படிச் சொல்வேன்?

ஆகஸ்ட் 14 அன்று ரபா சதுக்கத்தில் கூடியிருந்த முர்சி ஆதரவாளர்களைப் படையினர் கலைத்தபோது குறைந்தது 817 பேர் கொல்லப்பட்டதாக மனித உரிமைக் கண்காணிப்பகம் கணக்கிட்டது. எல்பரதே அன்றே துணை அதிபர் பதவியிலிருந்து விலகினார். கலவரக்காரர்கள் டஜன் கணக்கில் தேவாலயங்களைக் கொளுத்தினார்கள். பாதுகாப்புக்காக அழைத்த கை, பாதுகாப்பைக்கூடக் கொடுக்கவில்லை. நவம்பரில் போராட்டத் தடைச் சட்டம் வந்தது. 2011-இல் முபாரக்கை எதிர்த்து நின்ற ஏப்ரல் 6 இயக்கத்தின் நிறுவனர் அந்தச் சட்டத்தில் சிறை போனார்.

ஆகவே நேற்றைய வாக்கியத்தைத் திருத்துகிறேன். ஆத்திரம் ஒரு வழி, பயம் இன்னொரு வழி. இரண்டும் ஒரே வாசலில் வந்து நிற்கின்றன.

2025 அக்டோபர் 24

பயம் என்றதும் அல்ஜீரியா. எங்கள் வீட்டில் அந்தப் பெயர் சிறு வயதிலிருந்தே புழங்கியது. என் பெரியப்பா சொல்தா. புதுச்சேரிக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துப் பிரான்சு பென்ஷன் வாங்கும் தமிழரைப் புதுச்சேரியில் சொல்தா என்போம். அவர் இந்தோசீனாவுக்குப் போனார், பிறகு அல்ஜீரியாவுக்கு.

1958 மே 13 அன்று, பிரான்சின் காலனியாக இருந்த அல்ஜீரியாவின் தலைநகர் அல்ஜியர்ஸில், அல்ஜீரியா பிரான்சிடமே இருக்க வேண்டும் என்ற வெள்ளைக் குடியேறிகளின் கூட்டம் அரசு மாளிகைக்குள் புகுந்தது. தளபதிகள் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். பாரிசில் அரசு ஆட்டம் கண்டு ஜூன் 1-இல் தெகோல் பிரதமரானார். தெருவில் கூவியவர்கள் தங்கள் ஆளைக் கொண்டுவந்துவிட்டதாகத்தான் நம்பினார்கள். மூன்றே ஆண்டில் அதே தெகோல் அல்ஜீரியாவை விட்டு வெளியேறப் பேச்சு தொடங்கப் போக, 1961 ஏப்ரலில் நான்கு தளபதிகள் அவருக்கு எதிராகவே கிளர்ந்தார்கள்.

அந்த இரவைப் பற்றிப் பெரியப்பா பலமுறை சொல்லியிருக்கிறார். பாளையத்தில் சிப்பாய்கள் டிரான்சிஸ்டரைச் சுற்றி உட்கார்ந்து தெகோலின் பேச்சைக் கேட்டார்களாம். கிளர்ச்சிக்காரர்களுக்குக் கீழ்ப்படியாதீர்கள் என்றார் தெகோல். கட்டாயச் சேவைக்கு வந்த பையன்கள் மறுநாள் அதிகாரிகளின் உத்தரவைக் கேட்கவில்லை. சில நாளிலேயே கிளர்ச்சி முடிந்துபோனது. "துப்பாக்கி யார் கையில் என்பது பெரிதில்லை அம்மா, அந்தக் கை யார் சொல்லைக் கேட்கிறது என்பதுதான்" என்பார்.

இதே அல்ஜீரியாவில் 1991 டிசம்பரில் நடந்த முதல் சுற்றுத் தேர்தலில் இஸ்லாமிய மீட்பு முன்னணி 188 இடங்களைப் பிடித்தது. பெரிய தொழிற்சங்கமும் பெண்கள் அமைப்புகள் சிலவும் இரண்டாம் சுற்றை நிறுத்தச் சொன்னார்கள். 1992 ஜனவரியில் ராணுவம் நிறுத்தியது. அதன் பிறகு வந்த உள்நாட்டுப் போரில் செத்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். நிறுத்தியிராவிட்டால் என்ன ஆகியிருக்கும்? பெண்களின் நிலை என்ன ஆகியிருக்கும்? இந்தக் கேள்வியை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த நாட்களில் அல்ஜியர்ஸில் ஒரு பெரிய ஊர்வலம் போனது என்பதையும் சொல்ல வேண்டும். சோசலிச முன்னணி கூட்டியது. போலீஸ் அரசும் வேண்டாம், மதவாத அரசும் வேண்டாம் என்பதே அவர்கள் கோரிக்கை. அதே பயம் அவர்களுக்கும் இருந்தது. அவர்கள் ராணுவத்தைக் கூப்பிடவில்லை.

2025 அக்டோபர் 26

தாய்லாந்துக் குறிப்பில் தக்சினை ஏழைப் பங்காளன் போல எழுதிவிட்டேன். 2003-இல் போதைப்பொருள் ஒழிப்பு என்ற பெயரில் அவருடைய ஆட்சியில் மூன்று மாதத்தில் 2,000-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். மனித உரிமை அமைப்புகள் அவரை எதிர்த்ததற்கு நியாயம் இருந்தது. எங்கள் டோக்கன் குறையும் நியாயமானதுதான். குறை உண்மையாக இருப்பதால்தான் இந்தப் பொறி வேலை செய்கிறது. பொய்க் குறையை வைத்துக்கொண்டு நல்ல மனிதர்களை ராணுவ வாசலுக்கு அழைத்துப் போக முடியாது.

2025 அக்டோபர் 29

கினி நாட்டைப் பற்றி ஒருவர் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன். என் "எண்ணிக்கை இல்லாதவர்கள்" வாதம் அங்கே நிற்கவில்லை.

கினியில் அதிபர் கோண்டே மூன்றாம் முறை நிற்பதற்காக 2020-இல் அரசியல் சட்டத்தையே மாற்றினார். அதை எதிர்த்துத் தொழிற்சங்கங்களும் குடிமைச் சமூக அமைப்புகளும் கட்சிகளும் சேர்ந்து ஒரு தேசிய முன்னணி கட்டினார்கள். ஊர்வலத்தில் சுடப்பட்டுச் செத்தார்கள். அவர்கள் தேர்தலில் தோற்று வந்தவர்கள் இல்லை. தேர்தல் என்ற கதவையே ஒருவர் உள்ளிருந்து தாழிட்டுவிட்டார். 2021 செப்டம்பர் 5 அன்று கர்னல் தும்பூயா கோண்டேயைப் பிடித்தபோது கோனாக்ரி தெருக்களில் ஆட்டம் பாட்டம். நான் அங்கே இருந்திருந்தால் நானும் ஆடியிருப்பேன்.

2022 ஆகஸ்டில் தும்பூயாவின் அரசு அதே முன்னணியைக் கலைத்துவிட்டதாக அறிவித்தது. கோண்டே செய்யாததைக் கர்னல் செய்தார்.

மாலியிலும் இப்படித்தான். 2020-இல் மாதக்கணக்கில் போராடியது ஒரு கூட்டியக்கம். ஆகஸ்ட் 18 அன்று ஆட்சியை எடுத்தவர்கள் கர்னல்கள். இடைக்கால அரசில் போராடியவர்களுக்கு முதலில் இடமே இல்லை. 2021 மே மாதம் இரண்டாம் கவிழ்ப்புக்குப் பிறகு அந்த இயக்கத்தின் சொகெல் மைகாவைப் பிரதமராக்கினார்கள்; 2024 நவம்பரில், ராணுவத்தைக் குறைசொல்லிப் பேசிய சில நாளிலேயே, நீக்கினார்கள். மடகாஸ்கரிலும் புதிய பிரதமரை நியமிக்கும்போது எங்களைக் கேட்கவில்லை என்று இளைஞர்கள் இப்போதே முறையிடுகிறார்கள்.

பூட்டை உடைக்க ஆள் கூப்பிட்டவர்களில் இரண்டு வகை இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்தவர் வீட்டுப் பூட்டை உடைக்கச் சொன்னவர்கள், தம் வீட்டிலிருந்தே விரட்டப்பட்டு நின்றவர்கள். நியாயம் இரண்டாமவர் பக்கம். உடைக்க வந்தவனுக்கு அந்த வேறுபாடு தெரிவதில்லை.

2025 அக்டோபர் 30

போர்ச்சுகலை மறந்துவிட்டேனா என்று கேட்கிறீர்கள். மறக்கவில்லை. 1974 ஏப்ரல் 25, ராணுவ அதிகாரிகளே சர்வாதிகாரத்தைக் கவிழ்த்த நாள், துப்பாக்கி முனையில் கார்னேஷன் பூ. சரியாக ஓராண்டில், 1975 ஏப்ரல் 25 அன்று தேர்தல், 90 சதவீதத்துக்கும் மேல் வாக்குப்பதிவு. நடந்திருக்கிறது. ஆனால் அங்கே எழுந்தவர்கள் ஆப்பிரிக்கக் காலனிப் போர்களில் சலித்துப்போன இளநிலை அதிகாரிகள். அவர்களுக்குள்ளேயே பத்துக் கருத்துகள். வெளியே கட்சிகளும் சங்கங்களும் நாள்தோறும் தெருவில். ஒருவரும் நிம்மதியாக நாற்காலியில் சாயமுடியவில்லை. பிரேசிலில் 1964-இல் குடும்பமும் கடவுளும் விடுதலையும் என்று சாவ் பாவ்லோவில் பெரும் ஊர்வலம் போனது. வழக்கறிஞர் மன்றமே ராணுவக் கவிழ்ப்பை வரவேற்றது. சீக்கிரம் தேர்தல் வரும் என்று நம்பினார்கள். 21 ஆண்டு ஆனது. அந்த வழக்கறிஞர்களே பிறகு சித்திரவதைக்கு ஆளானவர்களுக்காக வாதாட வேண்டியிருந்தது.

2025 நவம்பர் 1

இன்று புதுச்சேரி விடுதலை நாள். கடற்கரைச் சாலையில் அணிவகுப்பு பார்த்துவிட்டு வந்தேன். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள், 8 பேர் எதிர்த்தார்கள். நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது. வேண்டாம் என்ற அந்த எட்டுப் பேரையும் எண்ணிப் பதிவு செய்தார்களே, அதை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

பியூ ஆய்வு மையம் 2017-இல் வெளியிட்ட கருத்துக்கணிப்பில் இந்தியாவில் 53 சதவீதம் பேர் ராணுவ ஆட்சி நல்லது என்றார்களாம். நம்புகிறேன். பஸ் நிலையத் தேநீர்க் கடையில் வாரம் ஒரு முறை கேட்கிற பேச்சுதான். நாம் ராணுவத்தை வெள்ளத்திலும் குடியரசு நாளிலும் மட்டும் பார்க்கிறோம். அன்றாடம் பார்க்கிறவர்களைக் கேட்க வேண்டும். 2004 ஜூலையில் இம்பாலில், மனோரமா என்ற பெண் கொல்லப்பட்டதை எதிர்த்து, பன்னிரண்டு தாய்மார்கள் உடையைக் களைந்துவிட்டு துணை ராணுவ முகாம் வாசலில் நின்றார்கள். அவர்களுடைய பதில் என்னவாக இருக்கும்?

எங்கள் மாவட்டத்து இலங்கைத் தமிழர் முகாமில் வாழும் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் எனக்குப் பழக்கம். 1987-இல் இந்திய அமைதிப்படை வந்தபோது மாலை கட்டியதையும், அக்டோபரில் அதே படைக்குப் பயந்து ஓடியதையும் ஒரே மூச்சில் சொல்வார். அது வெளிநாட்டுப் படை, இந்த விவாதத்துக்குள் வராது என்று திருத்தப் போகிறீர்கள். தெரியும். மாலை கட்டிய அந்தக் கைகளை நான் தொட்டுப் பேசியிருக்கிறேன் என்பதற்காகச் சொன்னேன்.

2025 நவம்பர் 4

பாகிஸ்தான், வங்கதேசம் பற்றிச் சுருக்கமாக.

1999 அக்டோபரில் பாகிஸ்தானில் தளபதி முஷாரப் ஆட்சியைப் பிடித்தபோது தொண்டு நிறுவன வட்டாரத்தில் பலர் வரவேற்றார்கள். ஒருவர் அமைச்சராகவும் ஆனார். உள்ளாட்சியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, தேசிய அவையில் 60 இடங்கள் என்று முஷாரப் கொடுக்கவும் செய்தார். ஆண்டுக்கணக்கில் கேட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் கொடுக்காததை ஒரு தளபதி ஒரு கையெழுத்தில் கொடுக்கிறார். பெண்கள் இயக்கத்தில் இருப்பவளுக்கு இதைவிடக் கொடிய சோதனை உண்டா? மனித உரிமை வழக்கறிஞர் அஸ்மா ஜஹாங்கீர் முதல் நாளிலிருந்தே எதிர்த்தார். 2007-இல் முஷாரப் நெருக்கடி நிலை அறிவித்தபோது அவரை வீட்டுக்காவலில் வைத்தார்கள்.

வங்கதேசத்தில் 2007 ஜனவரி 11-க்குப் பிறகு ராணுவத்தின் துணையோடு ஓர் இடைக்கால அரசு இரண்டு ஆண்டு நடந்தது. படித்தவர்கள் பலர் ஊழல் ஒழியும் என்று ஆதரித்தார்கள். புகைப்படத்தோடு நல்ல வாக்காளர் பட்டியல் கிடைத்தது, உண்மை. அதே ஆண்டு ஆகஸ்டில் டாக்கா பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கும் படையினருக்கும் மோதல், ஊரடங்கு. 2024 ஆகஸ்ட் 5-இல் பிரதமர் ஹசீனா நாட்டைவிட்டுப் போனதை அறிவித்தவரும் ராணுவத் தளபதிதான். ஆனால் ராணுவ ஆட்சியையோ ராணுவம் தாங்கும் ஆட்சியையோ ஏற்கமாட்டோம் என்று மாணவர்கள் உடனே சொன்னார்கள். தங்கள் ஆள் யூனுஸ் என்று அவர்களே பெயர் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு 2007 பாடமாக இருந்திருக்க வேண்டும். பிறகு நடந்தவற்றில் எனக்கு ஆயிரம் மனத்தாங்கல் உண்டு, அந்த ஒரு நாளின் தெளிவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

2025 நவம்பர் 9

மனு என்ன ஆயிற்று என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். தள்ளிப்போட்டேன், எழுதிவிடுகிறேன்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தோம். முத்திரை வைத்து ஒப்புகை கொடுத்தார்கள். பதில் வரவில்லை. ஆனால் விஷயம் கவுன்சிலருக்குப் போய்விட்டது. பிப்ரவரியில் ஒரு மாலை அவர் சங்கக் கூட்டத்துக்கு வந்தார். கணவர் வரவில்லை. கையில் ஒரு கோடு போட்ட நோட்டு. முப்பது வயது இருக்கும். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"ராணுவம் வந்து பட்டியல் எழுதுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் டீச்சர். ஒருத்தி பெயர் விட்டுப்போகிறது. அவள் யாரிடம் போய்ச் சண்டை போடுவாள்? என்னிடம் என்றால் வாசலில் வந்து நின்று திட்டுவாள். நேற்றுகூட நான்கு பேர் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார்கள். திட்டுவதற்குத்தானே ஓட்டுப் போட்டார்கள்?"

பல் மருத்துவர், உங்கள் கணவரைப் பற்றித்தான் புகாரே என்றார். "அதையும் அவர்கள் என் முகத்துக்கு நேராகத்தான் கேட்டார்கள். நீங்கள் கலெக்டரிடம் போனீர்கள்" என்றார்.

மறுநாள் ரேஷன் கடை வாசலில் அந்த நோட்டைச் சத்தமாகப் படித்தார். நானும் போயிருந்தேன். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் பதில் சொன்னது. கணவரின் உறவினர் பெயர் வந்தபோது பெண்கள் போட்ட கூச்சலில் அவர் நிறுத்தி, பேனாவால் அடித்தார். பதினோரு பெயர் அடிபட்டது, விட்டுப்போனவை சேர்ந்தன. எல்லாம் நேராகிவிடவில்லை, மெத்தை வீட்டுக்காரர் இரண்டு பேர் கடைசிவரை பட்டியலில் இருந்தார்கள். ஆனால் எங்கள் நாற்பத்தொரு கையெழுத்தால் அந்தப் பதினோரு பெயரில் ஒன்றைக்கூட அடிக்க முடிந்திருக்காது. எங்களுக்குக் கெடிலக்கரையில் யார் வீடு இடிந்தது என்றே தெரியாது.

அந்த மாலைக்குப் பிறகு உலகச் செய்திகளை நான் வேறு மாதிரி படிக்கிறேன். கினியின் முன்னணிக்குக் கோண்டேயைத் திட்ட முடிந்தது, கர்னலைத் திட்ட முடியவில்லை. பாங்காக்கில் ஐந்து பேர் ஒன்றுசேர முடியவில்லை.

2025 நவம்பர் 10

நேற்றைய குறிப்பு நல்லபடியாக முடிந்த கதை போல ஆகிவிட்டது. அப்படி முடியவில்லை.

2016 அக்டோபரில் அந்தக் கவுன்சிலரின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில், நகராட்சி மாநகராட்சியான பிறகு. நடுவில் ஐந்து ஆண்டுக்கு மேல் தனி அலுவலர்கள்தான். திட்டுவதற்கு வார்டில் ஆள் இல்லை. ராணுவத்தைக் கூப்பிட ஒரே வாரத்தில் மனு எழுதிய எங்கள் சங்கம், தேர்தல் நடத்தச் சொல்லி அந்த ஐந்து ஆண்டில் ஒரு தாள் எழுதவில்லை. குப்பை வண்டி சரியாக வந்தது என்பதால் நாங்கள் நிம்மதியாகக்கூட இருந்தோம்.

புதுச்சேரி நண்பர்கள் சிரிக்க வேண்டாம். உங்கள் ஊரில் 1968-க்குப் பிறகு 38 ஆண்டு கழித்து 2006-இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அது 2011-இல் முடிந்தது. இன்றுவரை அடுத்தது இல்லை. கீழூரில் எட்டுப் பேரின் மறுப்பைக்கூட எண்ணிய மண் அது.

2025 நவம்பர் 13

எங்கள் மாவட்டக் கிராம ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர் கையில் இருக்கின்றன. தேர்தல் கேட்டு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். இந்த முறை முதலில் கெடிலக்கரைக்கு எடுத்துக்கொண்டு போனேன். நாங்கள் நகரத்து வார்டு, கிராமத்துக்கு ஏன் கையெழுத்து என்று கேட்டார்கள். குறிஞ்சிப்பாடிப் பக்கம் அவர்களுக்கு உறவுகள் இருக்கின்றன. பேசிப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்கள். முன்னாள் கவுன்சிலர் போட்டுவிட்டார். சங்கத்தில் இதுவரை நான்கு கையெழுத்து. பல் மருத்துவர் படித்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கி வைத்திருக்கிறார்.